சூரியன் மேல் மட்டும் பழி போடலாமா?

1562-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் தென்மேற்கு ஜெர்மனியில் கடுமையான ஆலங்கட்டி மழை கொட்டியது. வயலில் நின்ற தானியமும் தோட்டத்துத் திராட்சைக் கொடிகளும் நாசமாயின. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனால் விவசாயிக்கு ஆத்திரம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த ஆத்திரம் போய் விழுந்த இடம்தான் கொடுமை. வானத்தைக் கெடுத்தவர்கள் ஊருக்குள்ளேயே இருக்கும் சூனியக்காரிகள் என்று முடிவு கட்டினார்கள். வீசன்ஸ்டைக் என்ற சிற்றூரில் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டுமாக 63 பெண்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

அந்த விவசாயிகள் அறியாத விஷயம் ஒன்று உண்டு. பூமியின் சீதோஷ்ண நிலை சற்றே குளிர்ந்து கிடந்த ஒரு நீண்ட காலத்தின் நடுவே அவர்கள் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். ஏறத்தாழ 1300 முதல் 1850 வரை நீடித்த அதற்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் 'சிறு பனிக்காலம்'. உலகம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் சராசரி வெப்பம் குறைந்தது ஒரு டிகிரி சென்டிகிரேடுக்கும் உள்ளாகத்தான்.

இதற்கா இவ்வளவு அமளி என்று கேட்கத் தோன்றும். சராசரி என்பது விவசாயியை ஏமாற்றும் சொல். பத்து வருஷத்து மழையைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் கணக்கு சரியாக வந்துவிடும். நடுவில் இரண்டு வருஷம் தொடர்ந்து பொய்த்த வீட்டில் அடுப்பு எரியாது. குளிர் நாடுகளில் பயிர் வைக்க முடிவது இரண்டு உறைபனிக் காலங்களுக்கு இடையிலுள்ள சில மாதங்களில் மட்டுமே. வசந்தம் பத்து நாள் தள்ளிப் போய், உறைபனியும் பத்து நாள் முந்திக்கொண்டால், கதிர் பால் பிடித்த நிலையிலேயே நின்றுவிடும். பின்லாந்தில் 1695 முதல் 1697 வரை இப்படி விளைச்சல் கெட்டதில் ஜனத்தொகையில் நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாண்டது. பிரான்சில் 1693, 1694 ஆகிய இரண்டே ஆண்டுகளில் பஞ்சமும் அதன் பின்னே வந்த நோயும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு போயின.

அந்தக் காலத்துக் குளிரை இன்று எப்படி அளக்கிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. அளந்து வைத்தவர்களில் விவசாயிகளும் உண்டு. பிரான்சின் போன் நகரில் திராட்சை அறுவடை தொடங்கிய தேதி 1354-ம் ஆண்டிலிருந்து தொகுக்கப்பட்டிருக்கிறது. கோடை சூடாக இருந்தால் பழம் முந்தி முதிரும், குளிர்ந்தால் பிந்தும். ஆகவே அறுவடைத் தேதிகளை வரிசையாக வைத்தாலே அறுநூறு ஆண்டுக் கோடைகளின் கதை தெரிந்துவிடுகிறது. வெப்பமானி இல்லாத காலத்துக்குக் கொடியே வெப்பமானி.

காரணம் என்று வரும்போது பலரும் கை காட்டுவது சூரியனை. 1610-ல் தொலைநோக்கி வழியாகச் சூரியனைப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து அதன் முகத்தில் கரும்புள்ளிகள் தென்படுவது கவனிக்கப்பட்டு வருகிறது. ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை அவை கூடிக் குறைகின்றன. 1645 முதல் 1715 வரை எழுபது ஆண்டுக் காலம் இந்தப் புள்ளிகள் மிக அரிதாகவே காணப்பட்டன. ஜான் எடி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1976-ல் இதை விரிவாக எடுத்து எழுதினார். புள்ளி குறைந்தால் சூரிய ஒளியும் கொஞ்சம் மங்கும் என்பது உண்மை. பின்லாந்தின் பஞ்சமும் பிரான்சின் பஞ்சமும் அந்த எழுபது ஆண்டுக்குள்தான் வந்தன. இது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு.

போதாது. மங்கியது எவ்வளவு என்று கணக்கிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் நிற்கிறது. மேலும், குளிர் சூரியனுக்காகக் காத்திருக்கவில்லை. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஷாமொனிப் பள்ளத்தாக்கு விவசாயிகளின் வீடுகளையும் நிலங்களையும் பனியாறு விழுங்கத் தொடங்கியது 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே. அந்தப் பனியாறு மேலும் நகராதிருக்கப் பாதிரியார் தலைமையில் ஊர் ஜனங்கள் ஊர்வலமாகப் போய் மந்திரித்தது 1644-ல். புள்ளிகள் மறைந்த காலம் தொடங்குவதோ 1645-ல்! அதற்கு முன்பும் சூரியன் சோர்ந்த காலங்கள் உண்டு, மரவளையங்களில் அதற்கு அத்தாட்சி இருக்கிறது என்று சூரியன் கட்சிக்காரர்கள் சொல்வது சரியே. என்றாலும் அந்தச் சிறு மங்கலைக் கொண்டு ஐந்நூறு ஆண்டுக் குளிர் முழுவதற்கும் கணக்குச் சொல்வது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகத்தான் முடியும்.

எரிமலைகளின் மீது உள்ள சாட்சியம் இதைவிடப் பலமானது. எரிமலை என்றதும் சாம்பலைத்தான் நினைக்கிறார்கள். சாம்பல் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் கீழே விழுந்துவிடும். கெடுதல் செய்வது கந்தகம். சாம்பல் நோய்க்குப் பயிர் மேல் தூவுகிறார்களே, அதே கந்தகம்தான். பெரிய வெடிப்பில் கந்தக வாயு மேகங்களுக்கும் மேலே போய், மழை கழுவ முடியாத உயரத்தில் நுண்ணிய அமிலத் துளிகளாகப் பரவி, ஓரிரு ஆண்டுகள் வெயிலைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். இது ஊகம் அல்ல. 1991-ல் பிலிப்பைன்சில் பினாட்டுபோ வெடித்ததும் உலக வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரி இறங்கியதை விஞ்ஞானிகள் கருவிகளால் அளந்தே பார்த்துவிட்டார்கள்.

வடக்கே கிரீன்லாந்திலும் தெற்கே அண்டார்டிகாவிலும் ஆண்டுதோறும் விழும் பனி அடுக்கடுக்காக உறைந்து கிடக்கிறது. அதைத் துளையிட்டு எடுத்துப் பார்த்தால், 1257-ம் ஆண்டு வெடிப்பு ஒன்றின் கந்தகம் இரு துருவங்களிலும் பதிந்திருக்கிறது. வெடித்த மலை எது என்று பல ஆண்டுகள் தெரியாமலேயே இருந்தது. 2013-ல்தான் அது இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்த சமாலாஸ் மலை என்று அடையாளம் கண்டார்கள். அதற்குத் துணை நின்ற சாட்சிகளில் பனையோலைச் சுவடிகளும் உண்டு! பழைய ஜாவா மொழியில் அந்த ஓலைகளில், மலை சரிந்து ஊர்கள் புதைந்த செய்தி எழுதப்பட்டிருந்தது. துருவத்துப் பனி சொன்ன அதே செய்தியை ஓலையும் சொல்லிற்று.

சரி, ஓரிரு ஆண்டில் மறையும் கந்தகம் நூற்றாண்டுக் கணக்கில் எப்படிக் குளிரவைக்கும்? எரிமலைக் கட்சிக்கு இதுதான் கடினமான கேள்வி. விடை கனடாவின் வடகோடியில் பாஃபின் தீவில் கிடைத்தது. அங்கே பனிப்போர்வை இப்போது உருகிப் பின்வாங்கும் இடங்களில், முற்காலத்தில் மூடப்பட்ட பாசிகள் வேர் விட்ட நிலையிலேயே வெளிப்படுகின்றன. அவை எப்போது செத்தன என்று கார்பன் முறையில் ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். பல இடத்துப் பாசிகள் 1275-க்கும் 1300-க்கும் இடையில் ஒரே வீச்சில் மூடப்பட்டிருந்தன. அடுத்த வீச்சு 1430-க்கும் 1455-க்கும் இடையில். சூரியன் மெல்ல மங்கியிருந்தால் பாசிகளும் மெல்ல மெல்லத்தானே செத்திருக்கும்? 1257-க்குப் பின் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மேலும் சில வெடிப்புகள் தொடர்ந்தன. பட்ட காலிலே படும் என்பதைப் போல, ஒரு குளிர் தெளிவதற்குள் அடுத்தது வந்தது. பனி பரவியது, வெண்மையான பனி வெயிலைத் திருப்பியது, வெயில் குறைந்ததால் பனி மேலும் பரவியது. அட்லாண்டிக் கடலின் வடபகுதியில் மிதந்து வந்த பனிக்கட்டி வெந்நீரோட்டத்தையும் தளர்த்தியிருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். தள்ளிவிட்டது எரிமலை, விழுந்தவனை எழவிடாமல் அமுக்கியது பனியும் கடலும் என்று சொல்லலாம்.

பின்னரும் எரிமலைகள் ஓய்ந்திருக்கவில்லை. 1600-ல் பெரு நாட்டில் ஹுவாய்னாபுட்டினா வெடித்தது. அடுத்த ஆண்டே ரஷ்யாவில் கோடையில் உறைபனி விழுந்து, 1601 முதல் 1603 வரை பெரும் பஞ்சம். 1815-ல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தது. 1816 ஜூன் மாதம் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் சோளப் பயிர் மேல் பனி பெய்தது. அந்த ஆண்டுக்குக் 'கோடை இல்லாத ஆண்டு' என்றே பெயர்.

இன்னொரு காரணமும் பேசப்படுகிறது. அது விவசாயத்தையே சுற்றி வருவதால் சொல்லாமல் விடுவதற்கில்லை. கொலம்பஸ் 1492-ல் அமெரிக்கக் கரையில் இறங்கிய பிறகு, ஐரோப்பியர் கொண்டு வந்த அம்மை முதலான நோய்களாலும் போர், அடிமைத்தனம் ஆகியவற்றாலும் அங்கே இருந்த மக்களில் பெரும் பகுதியினர் ஒரு நூற்றாண்டுக்குள் அழிந்தனர். அவர்கள் உழுத நிலம் கேட்பாரற்றுக் காடாயிற்று. அப்படிக் கைவிடப்பட்டது 5 கோடியே 60 லட்சம் ஹெக்டேர் இருக்கலாம் என்று 2019-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வளர்ந்த காடு கரியமில வாயுவை உறிஞ்ச, காற்றில் அதன் அளவு குறைந்து குளிர் மிகுந்தது என்பது வாதம். 1610-ஐ ஒட்டி அந்த வாயு குறைந்ததற்குத் துருவப் பனியில் அடையாளம் இருக்கிறது. குறைந்தது திடீரெனவா, மெல்லவா என்பதில்தான் இன்னும் சர்ச்சை. குளிரை இது சற்றே கூட்டியிருக்கலாம். ஆனால் 1300 வாக்கில் தொடங்கிய குளிருக்கு 1492-க்குப் பிந்திய சாவுகள் தொடக்கமாக இருக்க முடியாது. கோடிக்கணக்கான உழவர்கள் மாண்டது வானிலைக் கணக்கில் ஒரு சிறு இறக்கமாகத் தெரிகிறது என்பதே நெஞ்சை உறுத்துகிறது.

ஆக முதல் குற்றவாளி எரிமலை, அதற்குக் கை கொடுத்தவை பனியும் கடலும், கூட நின்றது சூரியன், காடு பின்னால் வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்வதே கிடைத்துள்ள சாட்சியத்துக்குப் பொருந்தும். குளிர் உலகெங்கும் ஒரே சமயத்தில் உச்சத்தை எட்டவும் இல்லை. பசிபிக் கடலின் நடு, கிழக்குப் பகுதிகளில் 15-ம் நூற்றாண்டிலும், வடமேற்கு ஐரோப்பாவில் 17-ம் நூற்றாண்டிலும், வேறு பல இடங்களில் 19-ம் நூற்றாண்டிலும் மிகக் குளிர்ந்தது. ஒற்றைச் சூரியன்தான் காரணம் என்றால் இந்த முன்பின்னுக்கு வழி இல்லை.

பழைய கதைக்கு இப்போது ஏன் இவ்வளவு விசாரணை என்றால், சூரியன் மறுபடி சோர்ந்து பூமியைக் குளிரவைக்கும், ஏறிவரும் உஷ்ணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்லித் திரிகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த எழுபது ஆண்டுச் சோர்வு அப்படியே திரும்பி வந்தாலும் குறைவது அதிகம் போனால் 0.3 டிகிரிதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தொழிற்சாலைக் காலத்துக்கு முன்பிருந்ததைவிட உலகம் ஏற்கெனவே ஒரு டிகிரிக்கு மேல் சூடேறிவிட்டது. அப்படிப்பட்ட சமாதானத்தை நம்பி விதை எடுக்கிற விவசாயியிடம் நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்ள எவரும் வரப்போவதில்லை.

1709-ம் ஆண்டு பிரான்சில் நடந்தது இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. ஜனவரியில் வந்த கடுங்குளிர் இடையில் ஒருமுறை தளர்ந்து, ஈரமான மண் மீண்டும் உறைந்ததில் விதைத்திருந்த கோதுமை வேரோடு செத்தது. விவரம் தெரிந்தவர்கள் கோதுமைக்கு இனிக் காத்திருப்பதில் பயனில்லை என்று அதே நிலத்தை உழுது, வசந்தத்தில் பார்லி விதைத்தார்கள். அப்படி விதைக்கக் கூடாது என்று போலீஸ் தடை போட்டது. பிறகு காலம் கடந்து வருந்தியது என்று அக்காலப் பிரபு சேன்-சிமோன் தமது நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆண்டு பிரான்சில் பலருக்கு ரொட்டி கிடைத்தது அந்தப் பார்லியிலிருந்துதான்.