வீடற்றோர் என்பவர் யார்?

மெல்பேர்ண் நகரின் வட விளிம்பில், மேய்ச்சல் நிலங்களாகக் கிடந்த வெளிகளில் இன்று நான்கு படுக்கையறை வீடுகள் நிரைநிரையாக எழுந்து நிற்கின்றன. கிரெய்கிபர்னில் குடியேறிய ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அவ்வீடு வெறும் சொத்தன்று. திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த வாழ்வுக்குக் கிடைத்த முற்றுப்புள்ளி. அத்தெருக்களில் நின்று, தமிழரிடையே வீடற்றோர் உளரா என வினவினால், இல்லை என்றே பெரும்பாலோர் கூறுவர். ஊரவன் ஒருவனைத் தெருவில் படுக்க விடமாட்டோம் என்ற பெருமிதமும் அவ்விடையில் கலந்திருக்கும். அப்பெருமிதத்தில் பொய்யில்லை. ஆயினும் விடை தவறானது.

நடைபாதையில் உறங்குவோரை மட்டுமே வீடற்றோர் என அவுஸ்திரேலியப் புள்ளிவிபரவியல் பணியகம் கணக்கிடுவதில்லை. தங்குமிடம் மனிதர் வாழத் தகுதியற்றதாயினும், அங்கு இருப்பதற்கான உறுதிப்பாடு இல்லையாயினும், தனக்கென ஓர் இடமின்றி நெருக்கியடித்து வாழ நேரினும், மாற்று வழியற்ற அம்மனிதர் வீடற்றவரே. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இவ்வாறு கணிக்கப்பட்டோர் 122,494 பேர். இவர்களுள் வெட்டவெளியில் உறங்கியோர் 7,636 பேர் மட்டுமே. கடும் நெரிசலான வீடுகளில் வாழ்ந்தோர் 47,895 பேர். பிறர் வீடுகளில் தற்காலிகமாக ஒண்டியிருந்தோர் 16,597 பேர். அதாவது, நண்பன் வீட்டுச் செற்றியில் மாதக்கணக்காகப் படுப்பவரும், அடுத்த கிழமை எங்கே என்று அறியாது பையைக் கட்டியபடியே வைத்திருப்பவரும் இந்தக் கணக்கினுள் வரக்கூடியவரே. தமிழ்ச் சமூகம் அவர்களை விருந்தினர் என்கிறது. சொல் மாறுவதால் நிலைமை மாறுவதில்லை.

வீடிழப்பும் உளநலமும் தொடர்புடையவை என்பதில் ஐயமில்லை. ஆனால் எது முதலில் நிகழ்கிறது? மனநோய் கண்டவனே தெருவுக்கு வருகிறான் என்பது பொதுவான எண்ணம். ஆர்.எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கை ஜோன்சன், கிறிஸ் சேம்பர்லெயின் ஆகிய ஆய்வாளர்கள் மெல்பேர்ணில் 4,291 பேரின் விபரங்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரை இவ்வெண்ணத்தை அசைக்கின்றது. உளநலப் பாதிப்பு இருந்தோர் 31 வீதத்தினர். அவர்களுள் ஏறத்தாழச் சரிபாதியினருக்கு, வீட்டை இழந்த பின்னரே அப்பாதிப்பு ஏற்பட்டிருந்தது. பழுதின் மூலத்தைத் தேடுவோர் மனிதனுக்குள் மட்டும் தேடினால் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தமிழரையே நேரடியாக ஆராய்ந்த இன்னொரு பணி உண்டு. தமிழ் மேடைகளில் அது பேசப்படுவது அரிது. உளமருத்துவர் டெரிக் சிலோவ், சாக்கரி ஸ்ரீல் முதலானோர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த தமிழருள் தஞ்சம் கோரியோர் 62 பேரையும், அகதிகளாக ஏற்கப்பட்டோர் 30 பேரையும், குடிவரவாளர் 104 பேரையும் ஒப்பிட்டது. தஞ்சம் கோரியோரும் ஏற்கப்பட்ட அகதிகளும் தாயகத்தில் பட்ட துன்பத்தில் பெரிதும் வேறுபடவில்லை. வந்து சேர்ந்த பின்னர் விண்ணப்பம், மருத்துவம், உதவித்தொகை ஆகியவற்றால் எழுந்த நெருக்கீட்டிலேயே தஞ்சம் கோரியோரின் சுமை கூடியிருந்தது. போர் தந்த காயத்தின் மேல் இந்நாட்டின் காத்திருப்பு இன்னொரு காயத்தை ஏற்றிவைக்கின்றது.

யாழ்ப்பாணத்திலும் பின்னர் அடிலெய்டிலும் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், தனிமனிதருக்கு அப்பால் குடும்பமும் ஊரும் அடையும் கூட்டு மனவடுவைப் பற்றி விரிவாக எழுதியவர். அவரது பார்வையில் வீடிழப்பு என்பது கூரையை இழப்பதோடு முடிவதன்று. அயலும் உறவும் நம்பிக்கையும் சேர்ந்தே சிதைகின்றன. ஆதலால் குணமாக்கலும் மருந்துச் சீட்டோடு நின்றுவிடாது, சமூகத்தின் வழியாகவும் நடைபெற வேண்டும்.

கிரெய்கிபர்னிலிருந்து நகர் நோக்கிச் செல்லும் தொடருந்தில் மூன்றாவது தரிப்பிடம் புரோட்மெடோஸ். பிலோவீலாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்க் குடும்பம் 2018 முதல் 2019 வரை குழந்தைகளோடு தடுத்துவைக்கப்பட்டது அங்குள்ள முகாமிலேயே. 2023இல் தற்காலிக விசாவினர் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும் வழி திறந்தது. "விரைவு நடைமுறை"யில் நிராகரிக்கப்பட்டோருக்கு அது திறக்கவில்லை. சிறுவனாக வந்து, பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த 23 வயது ஈழத்தமிழ் இளைஞர் ஒருவர் 2024 ஓகஸ்டில் மெல்பேர்ணில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அஞ்சலிக் கூட்டங்களில் திரண்டோர் பலர். அவரைப் போன்றோர் இன்று இரவு எங்கே படுக்கின்றனர் என்று கேட்போர் எத்தனை பேர்?

"கோயிலுக்குப் போ, எல்லாம் சரியாகும்" என்ற அறிவுரை அன்பினால் சொல்லப்படுவதே. கோயிலுக்குப் போகட்டும். அதனோடு, சித்திரவதைக்கும் போருக்கும் தப்பியோருக்காக 1987 முதல் இயங்கும் பவுண்டேசன் ஹவுஸ் நிறுவனத்துக்கும் போகட்டும். அதன் சேவை இலவசம், இரகசியமானது. விக்ரோறியாவில் தங்குமிட நெருக்கடிக்கு 1800 825 955, மனநெருக்கடிக்கு 13 11 14, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டின் 131 450 ஆகிய இலக்கங்களைப் பாடசாலை செல்லும் பிள்ளைகள் தம் பெற்றோரின் கைபேசிகளில் பதிந்து கொடுக்கலாம்.

வீட்டில் அறையொன்றை வாடகைக்கு விடுவோரும் ஒன்று செய்யலாம். வாடகையையும், வெளியேறுமாறு கூறுமுன் தரவேண்டிய கால அவகாசத்தையும் எழுத்தில் கொடுத்து ஒப்பமிடலாம். தெரிந்த ஆட்களுக்குள் எழுத்து எதற்கு என்று தட்டிக்கழிப்பது வழமை. தெரிந்தவர் என்பதாலேயே வாய்திறந்து கேட்கத் தயங்குபவருக்குத்தான் அந்தத் தாள் தேவை.