பாக்ஸர் வளர்க்க ஆசையா? கொஞ்சம் யோசியுங்கள்!



வேலை கிடைத்ததும் முதலில் என்ன வாங்குவாய் என்று நம் ஹாஸ்டலில் கேட்டுப் பாருங்கள். ஒருவன் பைக் என்பான். அடுத்தவன், "பாக்ஸர் குட்டி ஒண்ணு வாங்கணும்டா" என்பான். அகன்ற நெஞ்சு, சப்பை மூக்கு, சுருங்கிய நெற்றி... பிடித்துக்கொண்டு நடந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்! ஆசையில் தப்பே இல்லை. ஆனால் ஒரு மோட்டார் வாங்கவே லோடு என்ன, வோல்டேஜ் என்ன என்று கணக்குப் போடுகிற நாம், ஒரு உயிரை வாங்கும்போது கணக்கே போடாமல் இருக்கலாமா?

பாக்ஸரின் பிறந்த ஊர் ஜெர்மனி. 1890-களில் முனிக் நகரில் இதற்கென்று முதல் சங்கம் தொடங்கினார்கள். முதல் உலகப் போரில் காவலுக்கும் செய்தி கொண்டு போகவும் இது பயன்பட்டது. வளர்ந்த ஆண் நாய் 30 கிலோ இருக்கும், இரண்டடி உயரம்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு அப்படியில்லை. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மூக்கு நீளமாக இருந்தால் அந்த வேலை சுலபம். பாக்ஸருக்கோ மூக்கு குட்டை. மெக்கானிக்கல் நண்பர்களுக்கு விளக்கவே வேண்டாம்: இன்ஜின் பெரிசு, ரேடியேட்டர் சின்னது! வேலூர், திருச்சிப் பக்கம் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அதன் கதி என்ன? காலையில் வெயில் ஏறுமுன், மாலையில் வெயில் தாழ்ந்தபின் மட்டுமே ஓடவிட வேண்டும். சத்தமாக இரைத்து, எச்சில் கெட்டியாக ஒழுகி, தள்ளாடினால் அது ஆபத்து. உடனே தண்ணீர் ஊற்றி நனைத்து, காற்றுப்பட வைத்து, கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

"கேட்டுல கட்டிப் போட்டா போதும், திருடன் வரமாட்டான்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாக்ஸர் சங்கிலிக்குப் பிறந்த நாய் அல்ல. மனுஷ வாடை வேண்டும் அதற்கு. தினமும் ஒரு மணி நேரமாவது ஓட்டமும் விளையாட்டும் வேண்டும். மூன்று வயது வரை குட்டிச் சேட்டை போகாது. குழந்தைகளிடம் பிரியமாக இருக்கும். அந்தப் பிரியத்திலேயே பாட்டி மேல் தாவிக் கீழே தள்ளியும் விடும்!

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நம் டிப்ளமோ மூன்று வருஷம். பாக்ஸரின் ஆயுள் பத்து, பன்னிரண்டு வருஷம். படிப்பு முடிந்ததும் நாம் எங்கே இருப்போம்? ஓசூரிலா, ஸ்ரீபெரும்புதூரிலா, கடல் தாண்டியா? ஷிப்ட் முடிந்து ஒரே ரூமில் ஆறு பேர் படுக்கும் இடத்தில் நாய்க்கு ஏது இடம்? என் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தபோது அம்மா கேட்டார்: "நீ வேலைக்குப் போயிட்டா, அதை இழுத்துக்கிட்டு நடக்கறது யாருடா, நானா?" அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவுக்கு நைட் ஷிப்ட். வாடகை வீடு வேறு. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே எனக்கு இப்போது பாக்ஸர் ஒத்துவராது என்பதே என் முடிவு.

என் கருத்து இதுதான்: வாங்குவது யார் என்பது முக்கியமில்லை, ஐந்து வருஷம் கழித்து விடியற்காலையில் அதை நடத்திக்கொண்டு போகப்போவது யார் என்பதே முக்கியம். அவருடைய சம்மதம்தான் சம்மதம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, மற்ற தடுப்பூசிகள், தீனி, மருத்துவச் செலவு எல்லாம் அவர் தலையில்தான். பாக்ஸருக்கு இதய நோயும் புற்றுநோயும் வருவது அதிகம் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்படியானால் நாயே வேண்டாமா? ஏன் வேண்டாம்! நம் தெருக் குட்டி நம் வெயிலிலேயே பிறந்தது. மூக்கும் நீளம், செலவும் குறைவு. தடுப்பூசி போட்டு வளர்த்தால் நன்றிக்குக் குறைவிருக்காது. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. ஆனால் அது வேட்டை நாய். அதற்கும் ஓட இடம் வேண்டும்.

வீட்டில் எப்போதும் ஆள், ஓட இடம், நிழல், கையில் காசு, இந்த நான்கும் இருக்கிறதா? தாராளமாக பாக்ஸர் வளர்க்கலாம். அதைப்போல வீட்டையே சிரிக்க வைக்கும் நாய் குறைவு. இல்லையென்றால் காத்திருங்கள். ஆறு மாதத்தில் அலுத்துப்போய் ஹைவேயில் இறக்கிவிட்டு வர, அது பழைய சைக்கிள் இல்லை தோழர்களே!

யோசித்து வாங்குவோம், வாங்கினால் கைவிடோம்!

– மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்