ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து பாருங்கோ

ஏ9 வீதியில ஆனையிறவைக் கடந்த எல்லாருக்கும் அந்தப் புல்டோசரைத் தெரிந்திருக்கும். கவசம் போர்த்திய, துருப்பிடித்த இரும்பு. 1991 ஜூலையில் முகாமை நோக்கி வந்தது, அதில் ஏறி மறித்துச் செத்த சிப்பாய் யார், எல்லாம் அங்கே எழுதி வைத்திருக்கினம். அது ஒரு பக்கத்தின் கதை. ஆனாலும் எழுதப்பட்ட கதை. வன்னியில இப்படிப் பூர்வீகம் எழுதப்பட்ட சாமான் குறைவு.

நாங்கள் பேச வந்தது இன்னொரு இயந்திரத்தைப் பற்றி: ஆர்மோனியம்.

வெளிநாடுகளில் 'பியானோலா'வுக்குப் பின்னால அலையிற ஒரு கூட்டம் இருக்கு. அமெரிக்காவில் எட்வின் வோட்டி 1890களில் உருவாக்கினது. முதலில் பியானோவுக்கு முன்னால தள்ளி வைக்கிற பெட்டி, பிறகு பியானோவுக்குள்ளேயே போயிட்டுது. காலால் மிதிச்சால் காற்று உறிஞ்சப்படும். ஓட்டை போட்ட காகிதச் சுருள் உருண்டு உருண்டு, எந்தக் கட்டை விழவேணும் எண்டு சொல்லும். பழையது ஒண்டு கிடைச்சால், உள்ளே பொறிச்ச தொடர் இலக்கத்தை வைச்சே எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு எண்டு பிடிச்சிடுவினம்.

ஆர்மோனியமும் காற்றில ஓடுற சாமான்தான். 1840களின் தொடக்கத்தில் பாரிஸில் டெபேன் என்பவர் காப்புரிமை எடுத்தார். காலால் மிதிக்கிற அந்தப் பெட்டியை, சம்மணம் கட்டியிருந்து ஒரு கையால துருத்தி அடிச்சு வாசிக்கிற பெட்டியாகக் கல்கத்தாவில் மாற்றினவர் துவாரகாநாத் கோஷ். பிறகு தமிழ்நாட்டு நாடகக் கம்பனிகளுக்கு, அங்கிருந்து கடல் தாண்டி எங்கட இசை நாடகத்துக்கு. 1905 இல் வடக்கு ரயில் பாதை முடிஞ்சுது. 1914 இல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கிச்சு. அந்த வழியால ரயிலில் யாழ்ப்பாணம் போன எந்தப் பெட்டியும் ஆனையிறவின் உப்புக் காற்றைக் குடிச்சுத்தான் போயிருக்கும். வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' ஊரூராக நடந்த காலத்தில, மேடை ஓரத்தில இருந்து பாட்டைத் தூக்கிக் குடுத்தது இதுதான். (1940 இலிருந்து 1971 வரை அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தள்ளி வைச்சது வேற கதை. எங்கட கொட்டகைகள் அதைக் கணக்கெடுக்கேல்ல.)

2008, 2009 இடப்பெயர்வில தகரம், சைக்கிள், சட்டி பானையே வழியில விடப்பட்டது. அதுக்குள்ள ஆர்மோனியத்தைக் காவ யாரால ஏலும்? தப்பின ஒண்டு ரண்டு கோயில் மடத்திலும் வீட்டு மூலையிலும் கிடக்கும். 'அன்ரிக்' எண்டு அதையும் விலை பேச ஆள் வரும். வாங்கிறவருக்குத் தேவை மரமும் பித்தளையும்.

ரீட் பாரிஸா, ஜெர்மனியா, குஜராத்தின் பாலிதானாவா எண்டு கண்டுபிடிக்கிறது சுகம். நல்ல திருத்துநர் பார்த்தவுடன சொல்லுவார். ஆனால் அதோட பூர்வீகம் முடிஞ்சுது எண்டு நினைக்கிறதை நாங்கள் ஏற்கமாட்டம். எந்த அண்ணாவியார் வாங்கினார், எந்தத் திருவிழாவில வாசிச்சது, எந்த இடப்பெயர்வில யார் தலையில ஏறினது எண்டது எந்தத் தொழிற்சாலைப் பட்டியலிலும் இல்லை. அது எழுபது, எண்பது வயது ஆக்களின் வாயில மட்டும்தான் இருக்கு. அவையும் குறைஞ்சுகொண்டு வருகினம்.

உங்கட வீட்டில ஒண்டு இருந்தால், மேல் பலகையைக் கழட்டி ரீட் பலகையைப் போனில படம் எடுங்கோ. திருத்தினவை உள்ளே பென்சிலால பேரும் திகதியும் எழுதி விடுறதும் உண்டு. அந்தப் படத்தோட போய் அம்மம்மாவிட்டக் கேளுங்கோ, ஒரு பின்னேரம் ஆறுதலா இருந்து. விக்கிறதோ வைச்சிருக்கிறதோ உங்கட பாடு. விக்கிறதெண்டாலும், கேட்டு எழுதின தாளை உள்ளே வைச்சு மூடிக் குடுங்கோ.