பெற்றோலும் நமது அடுப்படியும்



பெற்றோல் என்றால் அது ஆண்களின் வாகன விஷயம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், தட்டுப்பாடு வரும்போதெல்லாம் அது கலனில் ஏறி நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. 2022 இல் இலங்கை முழுவதும் நாட்கணக்காய் வரிசையில் நின்று பெற்றோல் வாங்கியதையும், கிடைத்ததை வீட்டில் சேமித்து வைத்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே, இந்த எண்ணெயின் குணத்தை நாமும் அறிந்திருப்பது அவசியம்.

அதை அனுபவத்தால் அறிந்தவர்கள் சாவகச்சேரி மக்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் கொண்டு செல்வது தடை செய்யப்பட்டது. தொண்ணூறுகளின் முற்பகுதியில் தென்மராட்சி வீதிகளில் மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஆனால், வண்டியைக் கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் வேண்டியிருந்தது. அந்தத் துளிகளைச் சிறு போத்தலில் பொன்போல் காத்தார்கள்.

காரணம் என்ன? எஞ்சினுக்குள் எரிவது திரவம் அல்ல; காற்றோடு கலந்த ஆவி. மண்ணெண்ணெய் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாக ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ் சூடாவது வேண்டும். பெற்றோலோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் அந்த அளவுக்கு ஆவியாகும். எனவே துளிப் பெற்றோல் எஞ்சினைச் சூடாக்கிவிடும்; சூடான பிறகு மண்ணெண்ணெய் தன் வேலையைத் தொடரும்.

அன்று இரவில் வெளிச்சம் தந்ததும் மண்ணெண்ணெய்தான். ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டுத் திரியேற்றினால் அது பொறுமையாக எரியும். அதே விளக்கில் பெற்றோல் கலந்திருந்தால் வெடித்துவிடும். எஞ்சினை எழுப்பும் குணம்தான் வீட்டையும் எரிக்கிறது.

பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடி வரும். கலன் ஓர் அறையிலும் அடுப்பு மறு அறையிலும் இருந்தாலும் ஆபத்துத்தான். வெறுங்கலன் என்றும் அலட்சியம் வேண்டாம். அதற்குள் ஆவி நிறைந்திருக்கும்.

ஆகவே சகோதரிகளே, இவற்றை மனதில் கொள்ளுங்கள்:

பெற்றோலை வீட்டுக்குள் வைக்க இடம் கொடாதீர்கள். அடுப்பிலோ விளக்கிலோ ஒரு துளியும் ஊற்றாதீர்கள். உடுப்பில் பட்ட கறையைப் பெற்றோலால் கழுவாதீர்கள். எந்த எண்ணெயையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகமெடுத்த பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பெற்றோல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெற்றோல் தண்ணீரில் மிதந்து தீயைப் பரப்பும். சிறு தீயானால் மணலைக் கொட்டுங்கள். பெருந்தீயானால் பிள்ளைகளோடு வெளியேறுங்கள். உடம்பில் பட்ட தீப்புண்ணுக்கு மட்டும் குளிர்ந்த நீரை 20 நிமிடம் விடுங்கள்.

இனியொரு தட்டுப்பாடு வந்து, வீட்டுக்காரர் கலனோடு வாசலுக்கு வந்தால், "இது உள்ளே வரக் கூடாது" என்று அன்போடும் உறுதியோடும் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல் குடும்பத்தையே காக்கும்.