கணினி மாறினால் தமிழ் மாறலாமா?

வீட்டில் விண்டோஸ் கணினியில் தட்டச்சு செய்த தமிழ்க் கட்டுரையைப் பள்ளியிலுள்ள மேக் கணினியில் திறந்தால், சில வேளைகளில் பொருளற்ற குறிகளே தோன்றும். பழுது கணினியில் இல்லை. எழுத்தைச் சேமித்த முறையில்தான் உள்ளது.

முன்பு பல தமிழ் எழுத்துருக்கள் தத்தமக்கெனத் தனிக் குறியீட்டைக் கொண்டிருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கட்டுரையைப் படிக்க இயலாது. 1991இல் வெளிவந்த ஒருங்குறித் தரம் இச்சிக்கலுக்குத் தீர்வு தந்தது. அதன்படி, 'க' என்னும் எழுத்துக்கு எந்தக் கணினியிலும் 2965 என்ற ஒரே எண்தான்.

கட்டுரையைப் பிடிஎஃப் கோப்பாக அனுப்பினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அதில் தோற்றம் மாறாது என்பது உண்மையே. ஆனால், பழைய குறியீட்டில் எழுதியதை எளிதில் தேடவோ திருத்தவோ முடியாது.

எனவே, மாணவர்கள் ஒருங்குறியிலேயே எழுதிப் பழக வேண்டும். பழைய குறியீட்டில் உள்ள பள்ளி மலர்களையும் சங்க அறிக்கைகளையும் இப்போதே ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். அதற்கான மாற்றிகள் இணையத்தில் உள்ளன. காலம் தாழ்த்தினால், கரையான் அரித்த ஓலைச்சுவடிகளைப் போல அவையும் படிப்பாரின்றி அழியும். கோப்பு இருந்தும் படிக்க முடியாவிட்டால், அதைச் சேமித்து என்ன பயன்?