பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றும் மறைக்கச் சொன்ன குறையும்



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள். எங்கள் வீட்டுச் சுவரோரம் மூடி போட்டு நிற்கும் காரைப் பற்றி மட்டக்குளியில் இப்போது நாலு விதமாகக் கதை போகிறது. பள்ளிவாசல் படியில் வைத்துக் கேட்கிறார்கள், பேக்கரியில் கேட்கிறார்கள். வகுப்பில் பிள்ளைகள்கூட, "சேர், ஸ்போர்ட்ஸ் கார வித்துட்டீங்களா?" என்கிறார்கள். வந்த விலைக்குக் கொடுக்காமல் விட்டவர்கள் முட்டாள்கள் என்று ஒருவர் எங்கள் காதுபடவே சொன்னார். அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

கார், 2004ஆம் ஆண்டு மஸ்டா ஆர்எக்ஸ்-8. தம்பி கட்டாரில் ஆறு வருடம் வெயிலில் நின்று உழைத்துவிட்டு வந்து வாங்கியது. விலை 40 இலட்சத்துக்குக் கிட்ட. அதில் 30 அவனுடையது. மிச்சம் 10 இலட்சம், மேல்மாடிக்கு கொங்கிறீற் போட நாங்கள் சேர்த்து வைத்திருந்த காசு. ஆகவே இந்தக் கதையில் நாங்கள் வெளியில் நின்று புத்தி சொல்லும் ஆட்கள் இல்லை. எங்கள் வீட்டுக் கூரையும் அந்தக் காருக்குள்தான் இருக்கிறது.

ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் இந்த நாட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. பாவித்த கார், பாவிக்கப் பாவிக்க விலை ஏறியது. மூன்று வருடம் ஓடிவிட்டு, வாங்கியதைவிடக் கூட விலைக்கு விற்றவர்களை நாம் எல்லோரும் கண்ணால் கண்டோம். அதோடு காரும் காணியும் ஒன்று என்ற எண்ணம் மனதில் பதிந்துவிட்டது. திறந்த பிறகும் மூன்று வருடத்துக்கு மேல் பழைய கார்களைக் கொண்டுவர முடியாது. அப்படியென்றால் இந்த மாதிரி பழைய ஸ்போர்ட்ஸ் கார் இனி நாட்டுக்குள் வராது, இருப்பதுதான் இருப்பு, விலை ஏறும் என்று தம்பி கணக்குச் சொன்னான். கணக்கு நன்றாகத்தான் இருந்தது. நாங்களும் தலையாட்டினோம்.

இன்னொரு கணக்கும் இருந்தது. நம் நாட்டில் வாகன வரியைத் தீர்மானிப்பதில் எஞ்சினின் சீசி முக்கியமான ஒன்று. ஆர்எக்ஸ்-8இன் காகிதத்தில் இருப்பது 1308 சீசி. பார்த்தால் சாதாரண குடும்பக் காரின் அளவு. ஆனால் வேகமான மொடலில் 250 குதிரைவலு வரை வரும். ஜப்பான்காரன் இந்த விளையாட்டுக்கு ஏமாறவில்லை. அங்கே ரோட்டரி எஞ்சினுக்கு வருட வரி போடும்போது சீசியை ஒன்றரையால் பெருக்கித்தான் கணக்கெடுப்பார்கள். பெற்றோல் குடிப்பதைப் பார்த்தால் அந்தப் பெருக்கலும் போதாது. கொழும்பு நெரிசலில் எங்களுக்கு லீற்றருக்கு 6 கிலோமீற்றர் கிடைத்தால் அன்று நல்ல நாள்.

அந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். மற்றக் கார்களில் போல மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் இதில் கிடையாது. முக்கோண வடிவான ரோட்டர் இரண்டு, நிலக்கடலைக் கோது மாதிரியான அறைக்குள் சுற்றுகின்றன. ஒவ்வொரு முனையிலும் ஒரு விரல் நீள மெல்லிய உலோகத் துண்டு. காற்றும் பெற்றோலும் கசியாமல் அடைத்துப் பிடிப்பது அதன் வேலை. ஜெர்மன்காரர் பீலிக்ஸ் வாங்கலின் யோசனை அது. உலகத்தில் பல கம்பனிகள் எடுத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டன. ஹிரோஷிமாவில் இருக்கும் மஸ்டா மட்டும் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டது. 1991இல் லு மான் 24 மணிநேரப் போட்டியில் முதல் தடவையாக ஜப்பானியக் கார் ஒன்று வென்றது என்றால் அது இந்த வகை எஞ்சினால்தான். மனிதர்களின் பிடிவாதத்தில் இப்படியும் ஒரு அழகு இருக்கிறது, அதை நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் அந்த மெல்லிய துண்டுகள் தேயும். அவற்றுக்கு எண்ணெய்ப்பசை கொடுக்க எஞ்சின் தானாகவே கொஞ்சம் ஒயிலை உள்ளே விட்டு எரிக்கும். அது பழுது இல்லை, செய்ததே அப்படித்தான். இரண்டு தடவை பெற்றோல் அடித்தால் ஒரு தடவை ஒயில் பார்க்க வேண்டும். முந்திய சொந்தக்காரர் பார்த்தாரா இல்லையா என்பதில்தான் காரின் ஆயுள் இருக்கிறது, அது எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்காது.

வாங்கப் போன அன்று நாங்களும் கூடப் போனோம். விற்றவர் நன்றாகப் பேசக்கூடிய மனிதர், பெயர் வேண்டாம். தேநீர் தந்தார். காரைக் கழுவி மினுக்கி வைத்திருந்தார். காலையில் குளிர்ந்த எஞ்சின், ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. "ஸ்டார்ட்டரும் புதுசு, இப்பதான் கூடின பவர் உள்ளது ஒண்டு போட்ட" என்று பெருமையாகச் சொன்னார். நாங்களும் மாஷா அல்லாஹ் என்றோம். ஸ்டார்ட்டரை ஏன் மாற்றினீர்கள் என்று ஒருவருமே கேட்கவில்லை.

முதல் மூன்று மாதத்தைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. நன்றாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டுத் தெற்கு அதிவேகப் பாதையில் காலிக்குப் போனோம். இந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் கிராண்ட் டூரர் என்று ஒரு வகை சொல்வார்கள். பந்தயத் திடலுக்கு இல்லாமல், ஆட்களோடும் பையோடும் தூரப் பயணம் போவதற்காகச் செய்தது. ஆர்எக்ஸ்-8 முழுக்க அந்த வகை இல்லை என்று தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். நாலு ஆசனம், நாலு கதவு, தூரம் போனால் அலுக்காத ஓட்டம், எங்களுக்கு அது போதும். பின்கதவு மட்டும் அலுமாரிக் கதவு மாதிரிப் பின்பக்கமாகத் திறக்கும், அதுவும் முன்கதவைத் திறந்த பிறகுதான். உம்மாவை உள்ளே ஏற்ற எங்களுக்கு ஐந்து நிமிடம் போனது. காலியில் இறங்கி, "பஸ் நல்லம்" என்றா. ஆனால் வழியெல்லாம் சிரித்துக்கொண்டுதான் வந்தா. நாட்டில் ஆகக் கூடிய வேக எல்லை மணிக்கு 100 கிலோமீற்றர். 250 குதிரைவலுவை வைத்துக்கொண்டு நூறில் போவதும் ஒரு பொறுமைதான்.

பிறகு எங்கள் ஒழுங்கை தன் வேலையைக் காட்டியது. மட்டக்குளியில் இருப்பவர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு த்ரீவீல் வெளியே போக வேண்டுமென்றால் நாங்கள் காரை எடுக்க வேண்டும், எதிர்வீட்டு லொறி வந்தால் திரும்பவும் எடுக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பத்தடி நகர்த்தி, உடனே நிறுத்துவதுதான் இந்த எஞ்சினுக்கு ஆகக் கூடாத காரியம். எரியாத பெற்றோல் உள்ளே தேங்கி பிளக் நனைந்துவிடும், பிறகு ஸ்டார்ட் ஆகாது. இரண்டு தடவை அப்படி நின்று, அயலவர்கள்தான் தள்ளிவிட்டார்கள். மூன்றாவது தடவை அப்படி இல்லை. வெள்ளவத்தையில் சாமான் வாங்க நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் வந்தோம். சூடான எஞ்சின் சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவில்லை. ஒரு மணித்தியாலம் ஆறவிட்டபோது பிடித்தது.

இந்த எஞ்சின் தெரிந்த ஒரு பாஸைத் தேடிப் பிடித்தோம். அவர் சிரிக்காமல் விஷயத்தைச் சொன்னார். சாதாரணக் கராஜில் உள்ள கொம்ப்ரெஷன் மீற்றர் இதற்குச் சரிவராது. ரோட்டர் ஒன்றுக்கு மூன்று முகம், இரண்டுக்கும் ஆறு அளவு தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அதற்கென்றே கருவி இருக்கிறது. பார்த்தார். ஒரு ரோட்டர் முடிந்துவிட்டது. சூட்டில் ஸ்டார்ட் ஆகாதது அதனால்தான். அந்தப் புது ஸ்டார்ட்டரும் அதற்குத்தான். வேகமாகச் சுற்றினால் தேய்ந்த எஞ்சினும் கொஞ்சக் காலத்துக்குப் பிடிக்கும். நாங்கள் மாஷா அல்லாஹ் சொன்னது, குறையை மூடிய மூடிக்கு. எஞ்சினை இறக்கிச் செய்ய 10 இலட்சத்துக்கு மேல் போகும் என்றார்.

இங்கேதான் விஷயம் வருகிறது.

தம்பி விளம்பரம் போட்டான். நீர்கொழும்பிலிருந்து ஒரு பொடியன் பேசினான். குரலைக் கேட்டால் இருபத்தைந்து இருக்காது. வாகனப் புத்தகத்தை வைத்து, மாதா மாதம் வட்டி மட்டும் கட்டும் கடன் ஒன்றை எடுத்து வாங்கப் போவதாகச் சொன்னான். 38 இலட்சத்துக்குச் சம்மதம், ஞாயிறு காலையில் வருகிறேன் என்றான். தம்பி எங்களிடம் கேட்டது ஒரே உதவிதான்: "நானா, சனி ராவைக்கி ஒருத்தரும் கார ஸ்டார்ட் பண்ண வாணாம். ஆறி ஈக்கட்டும்."

நாங்கள் ஒரு நிமிடம் யோசித்தோம். சத்தியமாக யோசித்தோம். 10 இலட்சம் திரும்பக் கிடைக்கும், மேல்மாடி கட்டலாம். ஆசிரியர் சம்பளத்தில் அந்தக் காசை இன்னொரு தடவை சேர்க்க எத்தனை வருடம் போகும் என்பது எங்களுக்கு மனப்பாடம். சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும் என்றபோது தம்பி கேட்டான்: "எனக்கு ஒருத்தரும் செல்லல்லயே. நான் மட்டும் ஏன் செல்லோணும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் அவனுக்கும் தெரியும். மதரசாவில் நாம் எல்லோரும் படித்ததுதான். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அப்படியென்றால் ஆட்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். ஆறவிட்ட எஞ்சின், மேலே பரப்பிய காய்ந்த தானியம். வேறென்ன?

நாம் நம்மிடமே கேட்க வேண்டியது இதைத்தான். இப்படியொரு கார் ஒழுங்கைக்குள் வந்தவுடன் எல்லோரும் சொன்னது ஒரே சொல்: வீண்விரயம். சரி, அந்தக் கேள்வி நியாயமானது, நாங்களும் எங்களைக் கேட்டுக்கொண்டோம். ஆனால் இதைவிட மூன்று மடங்கு விலையில், வட்டிக்கு லீசிங் எடுத்து, உயரமான ஜீப் ஒன்று வந்தால் நாம் பரக்கத் என்று சொல்லி முன்னால் நின்று படம் எடுக்கிறோம். தாழ்ந்த கார் என்றால் ஆடம்பரம், உயர்ந்த கார் என்றால் கௌரவம். தன் உழைப்புக் காசில், ஒயிலைத் தானே பார்த்து ஒரு பழைய காரை வைத்திருப்பவனை எங்களால் குறை சொல்ல முடியவில்லை. இரவு பதினொரு மணிக்குச் சைலன்சரை முழங்கவிட்டு அளுத்மாவத்தையை எழுப்பாதவரைக்கும்.

அதே நேரம், குறையை மறைத்து விற்பதை நாம் கெட்டித்தனம் என்கிறோம். "தலையில கட்டிட்டான்" என்று சிரித்துக்கொண்டு சொல்கிறோம். மீற்றரைக் குறைத்து வைப்பது, 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது தண்ணீரில் நின்ற காரைக் காய வைத்து வாசம் அடித்து விற்பது, மூன்று கை மாறியும் பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் தள்ளிவிடுவது எல்லாம் தொழில் என்று ஆகிவிட்டது. குறை தெரிந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு என்று ஃபிக்ஹில் ஒரு பாடமே இருக்கிறது. குர்ஆனின் ஆக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. இவற்றைப் பற்றி ஜும்ஆவுக்குப் பிறகு படியில் நின்று பேசியதாக எங்களுக்கு ஞாபகம் இல்லை. காரின் நிறத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம்.

நாங்கள் சறுக்கிய இடங்களையும் சொல்லிவிடுகிறோம், வாங்க யோசிக்கும் பிள்ளைகளுக்கு உதவும். விற்பவர் வீட்டுக்கு நேரம் சொல்லாமல் போங்கள். இல்லாவிட்டால், போனதும் அரை மணித்தியாலம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் தேநீர் குடித்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். ரோட்டரி என்றால் அந்த ஆறு அளவையும் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். சி.ஆரில் யாருடைய பெயர் இருக்கிறது, பைனான்ஸ் கம்பனி ஒன்று சொந்தக்காரராக நிற்கிறதா என்று பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி, ஆசனம் பூட்டிய ஆணிகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கும் விலையில் காற்பங்காவது கையில் மிச்சம் இல்லையென்றால் அந்தக் கார் உங்களுக்குரியது இல்லை. விலை ஏறும் என்று சொல்லிக் கடன் வாங்கவே வேண்டாம். நின்ற இடத்தில் நிற்கும் காருக்கும் வட்டி ஓடும்.

அந்தப் பொடியனுக்குச் சனிக்கிழமை மாலையே அழைப்பெடுத்தோம். தம்பிதான் பேசினான். எஞ்சினின் நிலைமை, ஸ்டார்ட்டரின் கதை, பாஸ் சொன்ன தொகை எல்லாம் சொன்னான். பொடியன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஜஸாக்கல்லாஹ் நானா, வாணாம்" என்று வைத்துவிட்டான். தம்பி இரண்டு நாள் எங்களோடு சரியாகப் பேசவில்லை. அவனுக்கும் ஆறு வருடம் போய்விட்டதல்லவா.

போன வாரம் பஞ்சிகாவத்தையில் இருந்து ஒருவர் வந்து பாகங்களுக்காக 18 இலட்சம் கேட்டார். கொடுப்பதா, இன்னும் ஒரு வருடம் சேர்த்து எஞ்சினைச் செய்வதா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. உம்மா கொடுக்கச் சொல்கிறா. தம்பி மூடியைக் கழற்றி, துடைத்து, திரும்பவும் மூடி வைக்கிறான். யாருக்காவது வேண்டுமென்றால் பகலில் வாருங்கள், சூடாக்கியே காட்டுகிறோம்.