அறுநூறு ரூபாயும் ஒன்றிய நாற்காலியும்

ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்தில் மண்வெட்டி பிடிக்கும் தொழிலாளியும் கவுன்சிலராகலாம் என்று சட்டம் சொல்கிறது. 2019 டிசம்பர் தேர்தலில் ஒன்றிய வார்டுக்கு டெபாசிட் 600 ரூபாய். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 300. கதவு திறந்துதான் இருக்கிறது. வாசலை மறித்து நிற்பவர் யார்?

அன்று கிராமத்து வாக்காளர் நான்கு சீட்டுப் போட்டார். பச்சைச் சீட்டு கவுன்சிலருக்கு. அதோடு அவர் வேலை தீர்ந்தது! ஒன்றியத் தலைவர்களை 2020 ஜனவரி 11-இல் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தார்கள். பேரத்துக்கு வழி இங்கேதான். ஒன்றியம் முழுவதையும் விலைக்கு வாங்க முடியாத பெரும்புள்ளி, சில கவுன்சிலர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடலாமே!

ஊராட்சித் தலைவர் பதவியோ தமிழ்நாட்டின் சில ஊர்களில் ஏலத்துக்கே வந்தது. 'பணம் கோயிலுக்குத்தானே' என்பார்கள். ஏலம் கேட்க ஏழையால் ஆகுமா? பக்கத்து மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகள் தனித்தொகுதி ஆனதற்காகவே, ஆதிக்க சாதியார் 1996 முதல் பத்தாண்டுகள் தலைவர் நாற்காலியை முடக்கினார்கள். 2006-இல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. மேலவளவில் 1997-இல் தலைவர் முருகேசனை வெட்டியே கொன்றார்கள்.

இத்தனையையும் தாண்டி நிற்கப் போகிறவரைப் பொறுக்கும் இடம் எது? பிரமுகர் வீட்டுத் திண்ணையா? சேரியிலும் களத்துமேட்டிலும் கூட்டம் போட்டு உழைப்பாளி மக்களைக் கேட்க வேண்டும். நமது தோழர்களும் சில சமயம் இதை மறந்து விடுகிறார்கள், ஒளிப்பானேன்? 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அதிகாரிகள் வந்தமர்ந்த அன்றே அந்தக் கூட்டங்கள் தொடங்கியிருக்க வேண்டும்.